பதினோரு மணிக் காபி

பனியனின் கழுத்துப் பட்டியில் நீட்டிக்கொண்டிருந்த நூலை இடது கைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்து, வலது கையில் இருந்த சின்னக் கத்தரியால் நறுக்கென்று வெட்டி, பீஸை உதறி மடித்து ஒரு பக்கம் போட்டு, அடுத்ததை எடுத்து, தோளில் ஒரு நூல், அக்குளில் ஒரு நூல், அடிமடிப்பில் இரண்டு நூல் என்று தேடித் தேடி வெட்டி, இப்படியே காலையிலிருந்து கம்பெனி வண்டி இறக்கிவிட்டுப் போன இரண்டு மூட்டையில் ஒன்றை முடித்து, இரண்டாவதின் கட்டை அவிழ்த்துவிட்டாள் கோகிலவாணி. வெட்டுப்பட்ட பிசிறெல்லாம் அவள் மடியில் விழுந்து ஒரு மஞ்சள் குஞ்சு மாதிரி சேர்ந்திருந்தது. அவளுக்கு முன்னால் வாசல் தரையில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்றில் காபி, இன்னொன்றில் எலுமிச்சம்பழத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு மாத்திரை. மணி பதினொன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது, அந்த மாத்திரையை எதில் போடுவது என்று அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை.

அந்த லைனில் எதிரும் புதிருமாக ஒன்பது வீடு. நடுவில் ஒரு குழாய், குழாயடியில் ஒரு துவைக்கிற கல். ஆம்பளைகள் சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் போன பிறகு, சின்னப் பிள்ளை உள்ளவளும் உடம்புக்கு முடியாதவளும் வீட்டிலேயே பிசிறு வெட்டுவார்கள். பதினொன்று ஆனால் கத்தரியை வைத்துவிட்டு அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்து காபி குடிப்பார்கள், இன்றைக்கு இவள் பால், நாளைக்கு அவள் தூள் என்று. மொத்தம் நாலு பேர். ஜெயக்கொடி தேனிப்பக்கத்துக்காரி, வாய் ஓயாது. மும்தாஜ் அக்கா கணக்காகப் பேசுவாள், காரியமாகச் செய்வாள். ரங்கநாயகி அக்காதான் எல்லாருக்கும் தலைமை, குழாய்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதும் வாடகை வாங்க வருகிற வீட்டுக்காரனை எதிர்த்துப் பேசுவதும் அவள்தான். நாலாவது கோகிலா. பேரில்தான் குயில் இருந்தது, குரல் கிடையாது. அஞ்சாங்கிளாஸோடு நின்றுக்கலாமா என்று அப்பா கேட்டபோதும் தலையாட்டினாள், இந்த மாப்பிள்ளை பிடிச்சிருக்கா என்று கேட்டபோதும் தலையாட்டினாள், அதற்குப் பிறகு அவளுக்காகப் பேச வேண்டியதையெல்லாம் ரங்கக்காவே பேசிவிட்டாள்.

“இவளுக்குப் பேசற வேலைய நான் குத்தகைக்கு எடுத்துருக்கறனுங்க,” என்பாள் ரங்கக்கா.

சத்து மாத்திரையைக் கொண்டுவந்ததும் ரங்கக்காதான். ஸ்கூட்டியில் வந்து விற்கிற ஒரு பொம்பளையிடம் பெரிய பாட்டிலாக வாங்கி, ஊறுகாய் ஜாடியில் கொட்டி, எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டாள். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, இன்னும் என்னென்னவோ சத்தெல்லாம் அதில் இருப்பதாக அந்தப் பொம்பளை சொன்னாள். தனித்தனியாகப் போட்டால் மறந்துபோகும் என்று, பதினோரு மணிக்குக் காபி ஊற்றினதும் ஜாடியைத் திறந்து, “ம், கையை நீட்டுங்க,” என்று கோவிலில் துளசி கொடுக்கிற மாதிரி ஆளுக்கொன்று வைப்பாள் ரங்கக்கா. நாலு பேரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டு, சூடான காபியை ஒரு மடக்குக் குடித்து உள்ளே தள்ளுவார்கள். ரெண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் இப்படி நடந்தது. ரெண்டு வருஷத்தில் நாலு பேருக்கும் தலைசுற்றல் நிற்கவில்லை, முழங்கால் வலி போகவில்லை, நகம் வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது. ஆனாலும் போட்டார்கள். போடாவிட்டால் இதைவிட மோசமாக இருந்திருக்கும் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள்.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெயக்கொடியின் டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டே இருந்த ரங்கக்கா ஊற்றுகிறதை நிறுத்தாமல் சாய்ந்தாள். காபி டம்ளர் நிறைந்து, கல்லில் வழிந்து, குழாயடிச் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சடைப்பு என்றார்கள். சாயங்காலமே கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ரங்கக்கா வந்து கல்லில் உட்கார்ந்தாள்.

“என்னங்கடி, இன்னைக்குக் காபி இல்லையா?” என்று கேட்டாள்.

அழுது வீங்கின கண்ணோடு மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மும்தாஜ் அக்கா எழுந்துபோய்ப் பால் காய்ச்சினாள். வேறென்ன செய்ய, வந்தவளுக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா. அன்றைக்கும் ரங்கக்காவே ஜாடியைத் திறந்தாள், கையை நீட்டச் சொன்னாள், மாத்திரை வைத்தாள். பதினொன்றரைக்குச் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள், குழாயைத் தாண்டினாள், அதற்கு அந்தப் பக்கம் அவள் இல்லை.

முதல் நாலு நாள் லைனே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அஞ்சாம் நாள் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது, எல்லாருக்கும் குடத்து வேலை வந்துவிட்டது, வேடிக்கை நின்றது. செத்தும் தண்ணீர் வரிசையில் இவள் கண்ணுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறதே என்று மூணாம் வீட்டுக்காரி முணுமுணுத்தாள். வீட்டுக்காரன் வந்து தண்ணீர்க் காசுக்கு ஆள் கணக்கில் ஒன்றைக் குறைக்கலாமா கூடாதா என்று கேட்டு, ரங்கக்காவிடமே வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். அவள் புருஷன் வேலுச்சாமி கேஸ் புத்தகம் எங்கே, ரேஷன் கார்டு எந்தப் பெட்டியில் என்று கேட்பதற்காக அரை மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வருவான். பதினாறாம் நாள் காரியத்தில் வைத்த சோற்றைக் காகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு மணிக்கு அவளே வந்து, “வடையில உப்புப் பத்தலை,” என்றாள்.

கோகிலாவுக்கு மட்டும் இதெல்லாம் பெரிய நிம்மதி. தாரணிக்கு மூணு வயசு, அதற்கடுத்தது வயிற்றில் நாலு மாசம். அவள் மனசு தெரிந்த ஒரே ஆள் திரும்பி வந்துவிட்டது, அது உயிரோடு வந்தால் என்ன, இல்லாமல் வந்தால் என்ன.

மாசி கடைசியில் வயிற்றுப்பிள்ளைக்காரிகளைப் பார்க்க வருகிற நர்ஸம்மா வந்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்து, நெற்றியைச் சுருக்கினாள்.

“ரத்தம் ஏழுதான் இருக்கு. மாத்திரை போடறியா இல்லியா?”

கோகிலா தலையாட்டினாள்.

“எதுலம்மா போடறே?”

“காபில,” என்றாள் கோகிலா, தரையைப் பார்த்துக்கொண்டு.

நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “காபில போட்டா ஒடம்புல ஒட்டுமா? அத்தனையும் வீணாப் போயிருக்கும். விடியக்காலைல வெறும் வயித்துல, எலுமிச்சம்பழத் தண்ணில போடு. காபிப் பக்கமே போவாத. இப்படியே இருந்தா வயித்துல இருக்கறது தங்காது, கேட்டுக்க.”

அன்றைக்குப் பதினோரு மணிக்கு, எப்போதும் வாயைத் திறக்காதவள் திறந்து, நர்ஸம்மா சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னாள். மும்தாஜ் அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்ப ரெண்டு வருசமா நாலு பேரு போட்டது ஒருத்தி ஒடம்புலயும் ஒட்டல. அத்தன சத்தும் எங்க போச்சு?”

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி, கல்லின்மேல் உட்கார்ந்திருந்த ரங்கக்காவைப் பார்த்தார்கள். இருந்த காலத்தில் இல்லாத பளபளப்பு கன்னத்தில், வீக்கம் வடிந்த கால், ரோஜாப்பூ மாதிரி நகம். இந்தக் கல்லைச் சுற்றித் தினமும் வீணாகப் போன சத்தெல்லாம் இவளிடம்தான் போய்ச் சேர்ந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லாமல் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

“எனக்கும் இப்பத்தான் தெரியுது,” என்றாள் ரங்கக்கா. “என்ற புள்ள பன்னெண்டாவது பரீச்சை எழுதோணும். அவங்கப்பன் நான் கண்ணை மூடுன அன்னைக்கே கம்பெனில வேலைக்கு டோக்கன் போட்டு வெச்சுட்டான் அவளுக்கு. தெனம் நான் இங்க வந்து ஒக்காந்து மொறைக்கறதுனாலதான் பள்ளிக்கோடத்துக்கு அனுப்பறான். பரீச்சை முடிய இருவத்திநாலு நாளு. அதுக்கப்பறம் என்னைய விட்டுருங்க.”

“இருவத்திநாலு நாளென்ன, இருவத்திநாலு வருசம் குடிக்கிறோம், நீ உக்காருக்கா,” என்றாள் ஜெயக்கொடி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

மும்தாஜ் அக்கா கோகிலாவின் வயிற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கீழே வைத்த டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கோகிலா ஒரு வழி யோசித்தாள். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டால் போச்சு, விடியக்காலையில் எலுமிச்சம்பழத் தண்ணீரில் ஒன்று, பதினோரு மணிக்குக் காபியில் ஒன்று, யாருக்கும் குறைவில்லை. மறுநாள் அப்படியே செய்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத் தலை சுற்றாமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள், வயிற்றுக்குள் பிள்ளை நாலைந்து தடவை உதைத்தது. பதினோரு மணிக்கு ரங்கக்கா வந்து உட்கார்ந்து, காபி டம்ளரைப் பிடிக்கப் போய்ப் பிடிக்க முடியாமல், இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் இல்லை. கொலுசுத் திருகாணி தொலைந்த மாதிரி கல்லுக்கடியில் குனிந்து தேடினாள்.

“இங்கதான வெச்சிருந்தேன், நேத்துக்கூட இருந்துச்சே.”

ஜெயக்கொடி எழுந்து நின்றுவிட்டாள். “எவடி அவ? தண்ணில போட்டவ எவ? வாயைத் தொறங்கடி! நேத்துத்தான கூடிப் பேசுனோம்?”

கோகிலாவின் காதுமடல் சுட்டது. டம்ளருக்குள் குனிந்துகொண்டாள். காபியில் ஒன்று சேர்த்துப் போட்டாலும், எவள் உடம்பிலாவது ஒரு பொட்டு ஒட்டினால் இங்கே ஒரு பொட்டுக் குறையும் என்பது அவளுக்கு மட்டும் அப்போது தெரிந்தது. பதினொன்றரைக்கு மற்றவர்கள் எழுந்துபோன பிறகு ரங்கக்கா குழாயைத் தாண்டாமல் நின்றாள்.

“கோகிலா.”

“அக்கா.”

“உனக்கும் புள்ள, எனக்கும் புள்ள. நான் எதும் சொல்லமாட்டேன் கண்ணு. இருவத்திமூணு நாளு. உன்னால ஆகுமா ஆகாதா, நீயே சொல்லு.”

ஆகாதுக்கா என்று சொல்ல கோகிலாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவளுக்காகப் பேசுகிற ஆள் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் அவளுக்காகப் பேச ஆள் இல்லை. கோகிலா தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. ரங்கக்காவின் சுண்டுவிரல் மூணாம் நாள் திரும்பி வந்துவிட்டது. லைனில் எல்லாருக்கும் சந்தோஷம், மூணாம் வீட்டுக்காரிகூடத் தானும் ஒரு மாத்திரை காபியில் போடட்டுமா என்று கேட்டாள். தமிழ்ப் பரீட்சை முடிந்தது, கணக்குப் பரீட்சை முடிந்தது. ஒவ்வொரு பரீட்சை முடியவும் ரங்கக்காவின் மகள் பேப்பரைக் கொண்டுவந்து கல்லின்மேல் வைத்துவிட்டுப் போவாள், மறுநாள் ரங்கக்கா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஒண்ணும் புரியல, கஷ்டமாத்தான் கேட்டுருக்கான்,” என்பாள். கோகிலா ஒவ்வொரு நாளும் வயிற்றில் கையை வைத்து உதையை எண்ணினாள். முதலில் பத்து இருந்தது, அப்புறம் ஆறு, அப்புறம் மூணு. கடைசிப் பரீட்சை அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றும் இல்லை.

அன்றைக்கும் பதினோரு மணிக்குப் போய் உட்கார்ந்தாள். காபியோடு மாத்திரையை விழுங்கினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சுவரைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை என்றார்கள். ஏழு மாசத்துக்கு நல்ல தலைமுடி என்றார்கள். குழந்தை அழவில்லை. புருஷன் மூர்த்தி ஒரு டவலில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே போனான், வெறுங்கையோடு வந்தான்.

வீட்டுக்கு வந்த மறுநாள், பால் கட்டின மார்பில் ஈரத்துணி போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தவளை ஜெயக்கொடி வந்து எழுப்பினாள். எப்போதும் கத்துகிறவள் அன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

“காபிக்கு வாடி. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிரு.”

ரங்கக்காவின் மடியில் கோகிலா பிசிறு வெட்டிப்போட்ட மஞ்சள் பனியன் துணியில் சுற்றி ஒரு பிள்ளை கிடந்தது. நல்ல தலைமுடி. கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தது.

“குழாயடிக்கு அந்தப் பக்கம் தனியாக் கெடந்து முழிச்சுட்டு இருந்தா. தூக்கிட்டு வந்துட்டேன்,” என்றாள் ரங்கக்கா. கோகிலாவின் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னாள்.

கோகிலா கையை நீட்டினாள். தொட முடிந்தது, தூக்க முடியவில்லை. ரங்கக்காவின் மடியை விட்டு ஒரு விரற்கடை தூக்கினாலும் கையில் துணி மட்டும்தான் நின்றது. தொட்டால் போதும் என்று தொட்டுக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இதையும் லைன் பழகிக்கொண்டது. இதற்குப் பேர் வைப்பதா, வைத்தால் எந்த நோட்டில் எழுதுவது என்று பேச்சு வந்து, சின்னது என்றே கூப்பிட்டார்கள். மூணாம் வீட்டுக்காரி கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் மை வைத்தாள். தாரணி மட்டும் கிட்டே வரமாட்டாள். வீட்டு நிலையில் சாய்ந்து நின்று, அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நோன்பு வந்தது. மும்தாஜ் அக்காவுக்குப் பதினோரு மணிக் காபி நின்றது, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது தண்ணீரில் மாத்திரையைப் போட்டாள், ஒரே வாரத்தில் படி ஏறினால் மூச்சு வாங்காமல் இருந்தது. ஜெயக்கொடி கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, மெஷின் பக்கத்தில் தலைசுற்றி விழப் பார்த்து, அவளும் தண்ணீருக்கு மாறினாள். யாரும் யாரையும் திட்டவில்லை. ரங்கக்கா பாதத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தாள். ரிசல்ட் வந்தது, அறுநூறுக்கு நானூற்று எழுபது, வேலுச்சாமியே காலேஜ் பாரம் வாங்கிக்கொண்டு வந்து கல்லின்மேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

“என்ற வேலை முடிஞ்சுது,” என்றாள் ரங்கக்கா. அப்போது அவளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, தோளுக்கு மேலே முகம் இருந்தும் இல்லாமலும் இருந்தது. “என்னைய விட்டுருங்கன்னு சொல்லலாம். ஆனா மடில கெடக்கற இதைய எங்க எறக்கி வெப்பேன்?”

கோகிலா மாத்திரை ஜாடியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் போடாததையும் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று, நாலு என்று காபியில் போட்டாள். குடல் எரிந்தது, சாப்பிட்டது நிற்கவில்லை. ரங்கக்காவின் மடியும் கையும் மட்டும் கரையாமல் நின்றது, சின்னது நாளுக்கு நாள் தெளிந்தது, குப்புற விழப் பார்த்தது. கோகிலாவின் நகம் சுண்ணாம்பாகப் போனது. தாரணி தானே சோறு போட்டுச் சாப்பிடப் பழகினாள், தானே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் பழகினாள். அம்மா பகலில் அசந்து தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கவும் பழகியிருந்தாள்.

நர்ஸம்மா திரும்ப வந்து ஊசியால் குத்தினபோது ரத்தம் வரவே நேரமானது. “அஞ்சு,” என்றாள். “நடமாடறதே பெரிய விஷயம். ஒரு நாள் அப்படியே விழுந்துருவே. அப்பறம் இந்தப் புள்ளைய யாரு பாக்கறது?” தாரணி பாவாடையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

நேற்றுப் பதினோரு மணிக்கு ரங்கக்காவும் அதையேதான் கேட்டாள். முகம் இல்லை, குரல் மட்டும் வந்தது. “ஏன்டி, நீயும் இங்கயே வந்து ஒக்காந்துக்கலாம்னு பாக்கறயா? கல்லுல எடமில்ல பாத்துக்க. உனக்காக இனி நான் பேசமாட்டேன், குத்தகை முடிஞ்சுது. ஒண்ணு என்ற மடில இருக்கற இதைய வெச்சுக்க, இல்ல அங்க நெலைல நிக்கற அதைய வெச்சுக்க. வாயத் தொறந்து சொல்லிப் பழகு.”

அதனால்தான் இன்றைக்கு இரண்டு டம்ளர். காபி அவள் போட்டது. எலுமிச்சம்பழத் தண்ணீர் மும்தாஜ் அக்கா பிழிந்து, சர்க்கரை போடாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. கோகிலா இன்னும் ஒரு பீஸை எடுத்துக் கழுத்து நூலை வெட்டினாள். இன்னும் ஒன்று. பதினொன்று அடித்தது, கல்லின்மேல் மடி வந்து உட்கார்ந்தது, இரண்டு கை வந்தது, கைக்குள் சின்னது வந்தது. கத்தரியின் பளபளப்பைப் பார்த்ததோ, அம்மாவைப் பார்த்ததோ, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சின்னது சிரித்தது, பல் முளைக்கப் போகிற ஈறு தெரியச் சிரித்தது. மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்தாள். காபி டம்ளரைப் பிடித்தாள், சூடாக இருந்தது, நெஞ்சு வரைக்கும் தூக்கினாள்.

“அம்மா,” என்று உள்ளேயிருந்து தாரணி கூப்பிட்டாள். “அம்மா, இருக்கியாம்மா?”

வாம்மா என்று கூப்பிடவில்லை, பசிக்குது என்று கூப்பிடவில்லை. மூணு வயசுப் பிள்ளை அதைத்தான் கேட்டது.

“இருக்கேன்டி சாமி!” என்றாள் கோகிலா. மூணாம் வீட்டுக்காரி வெளியே வந்து எட்டிப்பார்க்கிற அளவுக்கு அந்தக் குரல் இருந்தது. மாத்திரை நாக்கில் கரைந்து கசந்தது. காபியைக் கீழே வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு மற்ற டம்ளரை எடுத்து முழுக்கக் குடித்தாள், பல் கூசப் புளித்தது. மடியில் இருந்த பிசிறு உதிர எழுந்து, நிலையைப் பிடித்து, உள்ளே ஒரு கால் வைத்தாள். பின்னால் கல்லின்மேல் சிரிப்புச் சத்தம் நின்றது, மஞ்சள் துணி ஒன்று மெதுவாகக் காலியாகிச் சரிகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் இருக்கிறதென்று அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை, அந்த முகத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளலாம், இனிமேல் பார்க்க முடியாது என்று அவள் கழுத்தைத் திருப்பப் போனபோது, “அம்மா, வாம்மா,” என்று தாரணி மறுபடியும் கூப்பிட, கோகிலா திரும்பாமல் அடுத்த காலையும் உள்ளே வைத்தாள்.